வெள்ளை கோட் போட யார் வாறது?

ஞாயிறு காலை ஒன்பதரை. புல்லில் ஈரம் காயவில்லை. தூரத்தில் ஹரோ ஹில்லின் உச்சியில் சென்ட் மேரிஸ் தேவாலயத்தின் கூர்முனை தெரிகிறது. 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஹெல்மெட்டைக் கழற்றிப் போடுவதும் மாட்டுவதுமாக நிற்கிறார்கள். பயிற்றுநர் வெள்ளை கோட் ஒன்றைக் கையில் தொங்கவிட்டபடி பெற்றோர் பக்கமாக வருகிறார்.

"இன்றைக்கு அம்பயர் பண்ண யாராவது இருக்கிறீங்களா?"

அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் போனில் அவசர வேலை வந்துவிடும். ஒருவர் சப்பாத்து லேஸ் கட்டக் குனிவார். ஒரு அக்கா காரில் எதையோ மறந்துவிட்டதாக நடக்கத் தொடங்குவார். நானும் இரண்டு சீசன் அப்படிக் குனிந்தவன்தான். மூன்றாவது சீசனில் குனிய முதல் கோட் என் தோளில் விழுந்துவிட்டது.

பெரியவர்களின் லீக் ஆட்டங்களில் மேல் மட்டத்துக்குச் சங்கம் நடுவர்களை அனுப்பும். பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. இந்தப் பக்கத்துப் பெற்றோர் ஒருவர், அந்தப் பக்கத்துப் பெற்றோர் ஒருவர், அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தில் 42 சட்டங்கள் இருக்கின்றன. முதல் நாள் எனக்குத் தெரிந்தது அதில் ஏழோ எட்டோ, அதுவும் டிவியில் பார்த்து வந்த அறிவு.

தொடக்கத்தில் கஷ்டம் அவுட் கொடுப்பதில்லை, ஆறு வரை எண்ணுவதுதான். சிரிக்காதீங்கோ. இருபது ஓவர் ஆட்டமென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 240 பந்து. பாதி உங்கள் முனையிலிருந்து. அதோடு இந்த வயதில் வைட் போல் மழை மாதிரி வரும். சட்டைப்பைக்குள் ஆறு பென்ஸ் நாணயத்தைப் போட்டுக்கொண்டு பந்துக்கு ஒன்றாகக் கைமாற்றினேன். இடையில் ஒரு பையன் வந்து ஹெல்மெட் பட்டியை இறுக்கிவிடச் சொன்னான். இறுக்கிவிட்டுப் பார்த்தால் எந்தக் கையில் எத்தனை இருந்ததென்று தெரியவில்லை. அன்று ஐந்து பந்து ஓவர் ஒன்றும் எட்டுப் பந்து ஓவர் ஒன்றும் போனது. ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த அம்மா ஒவ்வொரு தடவையும் கையை ஆட்டிக் காட்டினார். நான் அவர் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துத் திருப்பிக் கையை ஆட்டினேன்.

பிறகுதான் விளங்கியது, பிள்ளைகளின் ஆட்டத்தில் நடுவரின் முதல் வேலை பாதுகாப்பு. பந்து கொஞ்சம் சின்னது. 13 வயது வரைக்கும் ஏறத்தாழ 135 கிராம், பெரியவர்களுடையது 156 முதல் 163 வரை. என்றாலும் தோலால் செய்த கடும் பந்துதான். ஹெல்மெட் இல்லாமல் யாரும் துடுப்பெடுத்தாட முடியாது. 13 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள், ஓஃப் சைட்டில் விக்கெட்டுக்குப் பின்னால் தவிர, நடு ஸ்டம்பிலிருந்து 11 யாருக்குள் களத்தடுப்பில் நிற்கக் கூடாது. 15 வரை 8 யார். வேகமாக வீசும் 13 வயதுப் பிள்ளைக்கு ஒரே தடவையில் 5 ஓவருக்கு மேல் கொடுக்க முடியாது. வளரும் முதுகெலும்புக்காக வைத்த விதி அது. "நல்லாத்தானே போடுறான், ஏன் நிப்பாட்டுறீங்கள்?" என்று ஒரு அப்பா என்னிடம் கோபப்பட்டிருக்கிறார். அந்த ஓவர் கணக்கை மட்டும் நான் இதுவரை விட்டுக்கொடுத்ததில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சானின் மகன் பேஸ்போல் ஆடுகிறான். அங்கே தட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயர் அடிபடாத ஒவ்வொரு பந்துக்கும் ஸ்ட்ரைக்கா, போலா என்று தானாகச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கத் தீர்ப்புத்தான், நாள் முழுக்க ஏச்சும்தான் என்கிறான் மச்சான். எங்கள் விளையாட்டு மாறி. சட்டம் 31 இன்படி யாராவது கேட்டால்தான் நடுவர் அவுட் கொடுக்கலாம். கேட்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

பெரியவர்கள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளோ கேட்க மறந்துவிடுவார்கள். ஒருநாள் பந்து மட்டையில் நன்றாகத் தொட்டுக் கீப்பரின் கையில் விழுந்தது. அந்தப் பையன் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பந்தைப் பிடித்திருந்தான் போல. பந்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவரும் கேட்கவில்லை. துடுப்பாடிய பிள்ளை என்னைப் பார்த்தது, நான் வானத்தைப் பார்த்தேன். அடுத்த பந்து வீசப்பட்டது. சட்டம் அவ்வளவுதான். ஆட்டம் முடிந்தபின் அந்தக் கீப்பரைக் கூப்பிட்டு, "தம்பி, அடுத்த முறை பிடிச்சால் கத்து" என்றேன். அடுத்த கிழமையிலிருந்து எல்லாவற்றுக்கும் கத்துகிறான் என்று அவனுடைய அம்மா சொன்னார்.

இனி எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் எங்கள் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம். ஹரோவில் எந்த கிளப்பின் பிள்ளைகள் அணியைப் பார்த்தாலும் தமிழ்ப் பெயர் இரண்டு மூன்று இருக்கும். சனி தமிழ்ப் பள்ளிக்கூடம், ஞாயிறு கிரிக்கெட், இடையில் பதினொரு வயதுப் பரீட்சைக்கான டியூஷன். இந்த ஓட்டம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆட்டம் நடக்கும்போது அப்பாமார் தமிழில் அறிவுரை சொல்வார்கள். "தம்பி, இவனுக்குக் காலுக்குப் போடு, தெரியாது இவனுக்கு." மற்ற நடுவருக்கு விளங்காது. எனக்கு விளங்கும். எல்லைக்கு வெளியிலிருந்து ஆட்டத்தை நடத்தக் கூடாதென்று போய்ச் சொன்னால், "நாங்கள் சும்மா கதைச்சனாங்கள் அண்ணை" என்பார்கள். ஒரு தடவை எதிரணிப் பையன் ஒருவனைப் பற்றி நல்லதில்லாத வார்த்தை ஒன்று வந்தது. அந்தப் பையனும் தமிழ்ப் பிள்ளைதான் என்பது சொன்னவருக்குத் தெரியாது. பையன் திரும்பிப் பார்த்தான். நான் ஆட்டத்தை நிற்பாட்டிவிட்டு அங்கே நடந்து போனேன். என்ன சொன்னேன் என்பது இப்போது ஞாபகமில்லை. அவர் மிச்ச நேரம் காருக்குள் இருந்து பார்த்தார்.

என் பிழைக்கு வருகிறேன்.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. பையன்களோடு கலந்த அணி. கடைசி மூன்று ஓவர், இன்னும் 14 ஓட்டம் வேண்டும், மகள் 19 இல் நிற்கிறாள். பந்து வீசும் முனையில் நான். அதற்கு முந்திய ஓவரில் அவளுக்கெதிராக ரன் அவுட் ஒன்று கேட்டார்கள். அவள் நன்றாகக் கோட்டைத் தாண்டியிருந்தாள், இல்லை என்றேன். எல்லைப் பக்கமிருந்து தமிழில் ஒரு குரல்: "அப்பாவே அம்பயர். பிறகென்ன?"

அது என் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அடுத்தது ஒரு இடக்கைப் பையனின் பந்து. லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து உள்ளே வந்து அவளுடைய காலுறையில் பட்டது. அந்தக் காலுறை அவளுக்குப் பெரிது, தொடை வரைக்கும் வரும். ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டார்கள். என் விரல் மேலே போய்விட்டது.

விரல் முழுதாக மேலே போக முதலே எனக்குத் தெரிந்தது. எல்பிடபிள்யூ பற்றிய சட்டம் 36 இல் ஒன்றே ஒன்றுக்குத்தான் யோசனை தேவையில்லை. லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்துக்கு அவுட் கிடையாது. பந்து உயரமா, ஸ்டம்பில் படுமா என்பதெல்லாம் ஊகம், இது வெறும் பார்வை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அவுட் கொடுத்தேன்.

அவள் ஒன்றும் பேசாமல் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள். நாங்கள் தோற்றோம். திரும்பும்போது சவுத் ஹரோவில், நோர்த்தோல்ட் ரோட்டில் நிறுத்தி மட்டன் ரோல்ஸ் வாங்கினேன். காருக்குள் கேட்டாள்:

"அப்பா, வேற பிள்ளை எண்டால் அவுட் குடுத்திருப்பீங்களா?"

"இல்லை."

"ஓகே" என்று ரோல்ஸைக் கடித்தாள். கொஞ்ச நேரம் போய், "பிறகு ஏன் எனக்கு?" என்றாள். சிக்னலில் பச்சை விழுந்ததால் தப்பினேன்.

ஒரு பக்கம் சாய்கிறேன் என்று பிறர் நினைப்பார்களோ என்ற பயத்தில் மற்றப் பக்கம் சாய்வதும் சாய்வுதான். வீட்டிலும் இது நடக்கிறது. தமிழ்ப் பள்ளிக் கலைவிழாவில் மேடை நிகழ்ச்சி பிரித்துக் கொடுக்கும்போதும் நடக்கிறது. பொறுப்பில் இருப்பவரின் பிள்ளைக்கு எப்போதும் பின்வரிசை. பிள்ளை அதைக் கவனிக்காது என்று நினைக்கிறோம்.

உலகக் கிரிக்கெட்டே இந்தச் சந்தேகத்தோடு நூறு வருடத்துக்கு மேல் ஆடியது. டெஸ்ட் ஆட்டங்களில் உள்நாட்டு நடுவர்கள்தான் நின்றார்கள், வந்த அணி குறை சொல்லிக்கொண்டே போனது. 1986 இல் லாகூரில் மேற்கிந்தியத் தீவுகளுடன் ஆடியபோது, இம்ரான் கான் தலைமையிலிருந்த பாகிஸ்தான் இந்தியாவிலிருந்து வி. கே. ராமசாமியையும் பிலூ ரிப்போர்ட்டரையும் அழைத்து நடுவராக நிறுத்தியது. இரண்டு நடுவரும் வெளிநாட்டவர் என்பது 2002 இல்தான் வழமையானது. அந்த முதல் எலீட் குழுவில் சென்னைக்காரர் வெங்கட்ராகவன் இருந்தார். 57 டெஸ்ட் ஆடியவர், 1975, 1979 உலகக் கிண்ணங்களில் இந்திய அணித் தலைவர், பிறகு நடுவராக 73 டெஸ்ட். ஆட்டக்காரராக நின்றதைவிட அதிக டெஸ்டில் கோட் போட்டு நின்றார். ஹரோவில் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வெளிநாட்டு நடுவருக்கு எங்கே போவது?

அந்த மாரிகாலம் நான் நடுவர் வகுப்புக்குப் போனேன். சுற்றிவர ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள், ஒரு குஜராத்திக்காரர், பதினாறு வயதுப் பையன் ஒருவன். அங்கே படித்ததில் மிகவும் சுட்டது சட்டம் 2 இன் ஒரு வரி. உடனடியாகச் செய்தால் நடுவர் தன் தீர்ப்பை மாற்றலாம். அன்றைக்கு மகள் எல்லைக்கோடு வரை நடக்க அரை நிமிடமாவது எடுத்திருக்கும். "நில்லு, பிழை, திரும்பி வா" என்று நான் கூப்பிட்டிருக்கலாம். அதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா என்பது வேறு கேள்வி.

இன்னொரு சென்னைக்காரர் எஸ். ரவி. 2019 மார்ச் 28, பெங்களூரில் ஐபிஎல் ஆட்டம். கடைசிப் பந்தில் மாலிங்கவின் கால் கோட்டைத் தாண்டியதை அவர் காணவில்லை. பெங்களூர் தோற்றது. ஆடுவது ஐபிஎல், கிளப் கிரிக்கெட் அல்ல என்று கோலி சீறினார். கிளப் கிரிக்கெட் அம்பயரான எனக்கு அது கொஞ்சம் நோகத்தான் செய்தது. ரவி அப்போது உலகின் எலீட் குழுவில் இருந்தவர். அடுத்த வருடமே முன்கால் நோ போலைப் பார்க்கும் வேலையை டிவி நடுவருக்குக் கொடுத்தார்கள். காலைப் பார்த்த கண்ணை அடுத்த கணமே பந்துக்கு உயர்த்த வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் எப்போதும் சரியாகப் பார்ப்பது கஷ்டம் என்பது அவர்களுக்கே விளங்கியிருக்கிறது.

பெரியவர்களுக்கு நிற்பதுதான் அதிகக் கஷ்டம். கோடையில் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் ஆடுமல்லவா? யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் 1904 இல் தொடங்கிய வடக்கின் போரைப் பார்த்து வளர்ந்தவர்கள், நாற்பத்தைந்து வயதில், வயிறு முன்னால் வர, அதே வெறியோடு நிற்பார்கள். எல்பிடபிள்யூ கொடுத்தால் மாலை சாப்பாட்டு வரிசை வரைக்கும் அது வரும். "அண்ணை, அது உண்மையா அவுட்டா?" ஆனால் நேரில் ஏசுபவரைவிட, வீட்டுக்குப் போய் வாட்ஸ்அப் குழுவில் எழுதுபவர்தான் ஆபத்து. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நடத்தை மிக மோசமென்றால் ஆட்டக்காரரை வெளியே அனுப்பவும் முடியும். நான் இதுவரை யாரையும் அனுப்பியதில்லை. உள்ளூர்க் கால்பந்தில் நிலைமை இன்னும் மோசம். 2023 இல் சில வட்டாரங்களில் நடுவர்களின் உடம்பிலேயே கமரா கட்டிப் பரிசோதிக்க வேண்டி வந்தது.

மகளுக்கு இப்போது பதினாலு. போன சீசனில் 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மென்பந்து ஆட்டமொன்றுக்கு ஆள் குறைந்தபோது, ஸ்குவெயர் லெக்கில் நிற்கத் தானாகப் போனாள். கோட் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே மடக்குக் கதிரையில், தேத்தண்ணியோடு.

ஒரு ரன் அவுட் கேட்டார்கள். நான் இருந்த இடத்திலிருந்து அது அவுட். நல்ல அவுட். அவள் கோட்டைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், இல்லை என்றாள். எனக்குப் பக்கத்தில் இருந்த தம்பி, "என்னண்ணை உங்கட மகள்!" என்றார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

காரில் ஏறியதும் கேட்டாள், "அந்த ரன் அவுட் சரியாப்பா?"

"நான் எல்லைக்கு வெளியில நிண்டனான் பிள்ளை. எனக்கு அங்கயிருந்து கோடு தெரியேல்ல."

"எனக்குத் தெரிஞ்சது" என்றாள். ரோல்ஸ் வாங்க நிறுத்தச் சொன்னாள்.