தொலைந்து போன மலை!

"மலையை வலது கைப் பக்கமா வச்சுக்கிட்டே நடந்தா, தொலையவே மாட்டோம் சார்!" என்றார் ஆபீஸ் நண்பர். திருவண்ணாமலை. பௌர்ணமி கிரிவலம். நிருதி லிங்கத்தருகே சுக்குக் காபி.

"மலையே தொலைஞ்சு போன கதை தெரியுமா?" என்றேன்.

ஹீரோ பெயர் பூவே. (சினிமாப் பாட்டு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல!) பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி மாலுமி. தெற்கே பெரிய கண்டம் இருக்கிறது என்று நம்பி, இரண்டு கப்பலோடு தேடப் போனார். 1739 ஜனவரி 1... மூடுபனிக்குள் பனி போர்த்திய ஒரு மலை! நாள்கணக்கில் சுற்றியும் இறங்க முடியவில்லை. கண்டத்தின் முனைதான் என்று முடிவுகட்டி, வரைபடத்தில் குறித்துக்கொண்டு திரும்பினார்.

குறித்த இடம்தான் தப்பு. அட்சரேகைக்குச் சூரியன் போதும். தீர்க்கரேகைக்கு, புறப்பட்ட ஊரில் இப்போது மணி என்ன என்று தெரிய வேண்டும். நாலு நிமிஷம் பிசகினால் ஒரு டிகிரி காலி. ஆடுகிற கப்பலில் ஒழுங்காக ஓடும் கடிகாரம் அவரிடம் ஏது? உத்தேசக் கணக்கில், மலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விட்டது.

பின்னால் கேப்டன் குக் நல்ல கடிகாரத்தோடு 1770-களில் போய்த் தேடினார். அந்த இடத்தில் வெறும் கடல். "பூவே பார்த்தது ஐஸ் மலையாக இருக்கும்" என்று சொல்லிவிட்டார். குக் சொன்னால் அப்பீல் உண்டா?

"பாவம், ஏமாளி!" என்றார் நண்பர்.

அதுதான் இல்லை! 1748-ல் இதே பூவே நம்ம கடலூர்ப் பக்கம் வந்தார். காத்திருந்த ஆங்கிலேயக் கப்பல்களுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மெட்ராஸில் சிப்பாய்களையும் வெள்ளியையும் இறக்கிவிட்டுக் கம்பி நீட்டினார்.

1808-ல் ஓர் ஆங்கிலக் கப்பல் மலையை மறுபடி பார்த்தது. அது கண்டமல்ல, தீவு! பூவே செத்து இருபது வருஷத்துக்கு மேல். 1898-ல் 'வால்டிவியா' என்ற ஜெர்மன் கப்பல்தான் இடத்தைச் சரியாகக் கணித்தது. 1927-ல் நார்வேக்காரர்கள் இறங்கிக் கொடி நட்டார்கள். இன்றைக்கும் அது பூவே தீவு. 49 சதுர கிலோமீட்டர். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஐஸ். உச்சி 780 மீட்டர், கிட்டத்தட்ட நம்ம அண்ணாமலை!

குபேர லிங்கம் வரை நண்பர் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்:

"அங்கேயும் வெறுங்காலோடதான் சுத்தணுமா சார்?"