கோதுமை நாட்டிற் சறுக்குப்பலகை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபால், கனடாவின் எல்லையை ஒட்டிக் கிடப்பது மொன்ரானா மாநிலம். பரப்பில் நம் இலங்கையைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வாழ்வோரோ பதினொரு இலட்சத்தினுங் குறைவு. கோதுமை வயலும் மேய்ச்சல் நிலமுமான அந்நாட்டுப்புறத்தில், பெருநகரத் தெருப்பிள்ளைகளின் விளையாட்டென நாம் எண்ணும் சறுக்குப்பலகை வேரூன்றிய கதை சுவையானது.

பிக் சாண்டி என்பது அறுநூறு பேரளவில் வாழும் சிற்றூர். அவ்வூர் முடிதிருத்துநரின் மைந்தராக வளர்ந்த ஜெஃப் அமென்ற், 1983இல் சியாற்றில் நகர் சென்று, பின்னர் 'பேர்ள் ஜாம்' இசைக்குழுவிற் புகழீட்டினார். இளமையிற் பலகையேறிப் பழகியவர், ஈட்டிய பொருளிற் பங்கெடுத்து, 'மொன்ரானா பூல் சேர்விஸ்' என்னும் அறநிறுவனத்தின் வாயிலாக, ஊரவர் துணையுடன் இருபதுக்கு மேற்பட்ட சறுக்குத் திடல்கள் அமைய உதவியுள்ளார். மிசூலா நகரில் 2006இல் எழுந்த 'மோபாஷ்' அவற்றுள் முன்னோடி.

நீச்சற்குளத்துக்கும் இவ்விளையாட்டுக்கும் என்ன உறவு? 1970களில் களிமண்ணாலான சில்லு நீங்கி, நிலத்தைப் பற்றியோடும் பொலியூரித்தேன் சில்லு வந்தது. 1976, 1977ஆம் ஆண்டுகளிற் கலிபோர்னியாவை வறட்சி வாட்ட, செல்வர் வீட்டுக் குளங்கள் வெறுமையாயின. வாலிபர் மதிலேறிக் குதித்து அவற்றின் வளைசுவர்களிற் சறுக்கினர். இன்றைய கொங்கிறீற்றுக் கிண்ணங்கள் அக்குளங்களின் வழித்தோன்றல்களே. சில்லோ மிகச் சிறிது. சுவரில் ஒரு சிறு பிளவிருந்தாலும் பிள்ளை தலைகுப்புற விழும். ஆதலால் அவ்வளைவுகளைக் கையாலேயே இழைத்து மெருகிடுகின்றனர். ஊஞ்சலில் நம் சிறுவர் குந்தியெழுந்து உந்துவது போலவே, வளைவிற் குனிந்து நிமிர்ந்து, தரையிற் கால் படாமலே வேகம் பெறுகின்றனர்.

ஆண்டிற் பல மாதம் பனி மூடும் சிற்றூருக்கு இத்துணைச் செலவு தகுமோ என வினவலாம். தகும் என்பதே நம் கருத்து. அத்தகைய ஊர்களில் விளையாட்டென்றாற் பாடசாலை அணியே. அணியிற் சேராத பிள்ளைக்கு வேறு புகலில்லை. கிறேற் ஃபோல்ஸ் நகர் செல்வதென்றால், பிக் சாண்டியிலிருந்து சுமார் எண்பது மைல்! மைதான ஓரத்திற் புத்தகப்பையைக் காவல் காத்து நிற்கும் மாணவரை ஆசிரியராகிய நாம் அறியாதவரல்லேம். கிண்ணத்துக்கு அணியும் வேண்டா, கட்டணமும் வேண்டா. தெரிவுக்குழு யாரையும் விலக்குவதுமில்லை. பிளாக்ஃபீற் ஆதிக்குடியினரின் பிரௌனிங்கிலும், ஃபிளாற்கெட் ஒதுக்கு நிலத்துச் செயின்ற் இக்னேஷியசிலும் இத்திடல்கள் அமைந்தமையை நாம் சிறப்பாக மதிக்கின்றோம். வறுமையும் தொலைவும் ஒருங்கே அழுத்தும் இடங்கள் அவை.

அங்கே விசில் ஊதும் நடுவர் இல்லை. விளிம்பில் நின்று, ஒருவர் இறங்கியேறிய பின்பே மற்றவர் இறங்குவர். பலமுறை விழுந்த சிறுமி ஒருநாள் விழாது மேலேறி வருவாளாயின், சூழ நிற்போர் கைதட்டுவதில்லை. பலகையின் வாலை விளிம்பிலே தட்டி ஒலியெழுப்புகின்றனர்.