பழைய பாய்மரப் படகு: கம்பியும் தோலும்

பாய்மரம் பெரும்பாலும் தன் பலத்தில் நிற்பதில்லை. முன்னும் பின்னும் பக்கங்களிலும் இழுத்துக் கட்டிய கம்பிகளே அதை நிமிர்த்திப் பிடிக்கின்றன. பழைய சிறு படகில் பழுது முதலில் தலைகாட்டுவதும் இவற்றில்தான். 1911இல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கும் சென்னைத் துறைமுகம் போன்ற இடங்களில், உப்புக்காற்றும் வெக்கையும் சேர்ந்து கம்பியை விரைவில் அரித்துவிடுகின்றன.

பெரும்பாலான படகுகளில் இருப்பது 19 இழைகள் முறுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. அது நடுவில் அறுவது அபூர்வம். கம்பி அதன் முனையில் பொருத்திய குழாய்க்குள் நுழையும் இடத்தில்தான் இழை விடும். பழைய பருத்தித் துணியால் கம்பியை மெல்லத் துடைத்துக்கொண்டே போனால், உடைந்த இழை நூலைக் கொக்கி போட்டு இழுக்கும். ஓர் இழை போயிருந்தாலும் அந்தக் கம்பியை மாற்றிவிட வேண்டும். அதே வயதுள்ள மற்றவற்றையும் கூடவே மாற்றுவது உத்தமம்.

மரத்தைச் சாய்க்காமல் கம்பி மாற்றுவதானால், பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றை அந்தப் பக்கம் இழுத்துக் கட்டி முட்டுக்கொடுக்க வேண்டும். கம்பியைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிள் எத்தனை புரி ஏறியிருந்தது என்று முன்பே குறித்துக்கொண்டால், பிறகு மரத்தை நேராக நிறுத்துவது சுலபம்.

மரத்தோடு மரம் உரசும் இடங்களுக்குத் தோல் வேண்டும். பாயைத் தாங்கும் கட்டையான பருமலின் கவை பாய்மரத்தை அணைத்தபடி ஏறி இறங்கும் இடம் அப்படிப்பட்டது. அந்தத் தோலை வாங்க, கடலே இல்லாத ஆனால் தோல் பதனிடும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போகலாம். எந்த வகைத் தோல் என்று கேட்டு வாங்க வேண்டும். அங்கே இன்று அதிகம் கிடைப்பது ஷூவுக்கான குரோம் தோல். மெத்தென்ற அந்தத் தோல் நனைந்து காய்ந்தால் அவ்வளவாக இறுகாது. ஆவாரம் பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் என்று தாவரச் சரக்கில் பதனிட்ட கெட்டித் தோலே இந்த வேலைக்குப் பொருத்தம். புவிசார் குறியீடு பெற்ற கிழக்கிந்தியத் தோல் இந்த வகைதான்.

முதலில் மரத்துக்கு வார்னிஷ் பூசிக் காயவிட வேண்டும். இல்லையென்றால் தோலுக்கு அடியில் மரம் உளுக்கும். தோலைச் சுற்றளவைவிடச் சற்றே குறைவாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, இரு ஓரங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் முட்டும்படி மெழுகு நூலால் தைப்பார்கள். தையல் உராயாத பக்கமாக இருக்க வேண்டும். காயக் காயத் தோல் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஆணி அடிப்பதானால் செம்பாணிதான். இரும்பு பட்டால் தோலில் ஊறிய பட்டைச் சாறு கறுக்கும், ஆணியும் துருவேறும். கடைசியாக எண்ணெயோ கொழுப்போ தடவி, ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

பாய் கிழியாமலிருக்கச் சிலர் ஸ்டீல் கம்பிக்கும் தோல் சுற்றுவதுண்டு. அது கெடுதல். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுக்கொண்டிருந்தால்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேற்படலம் காக்கப்படும். தோலுக்குள் உப்புநீர் தேங்கினால் கம்பி வெளியே தெரியாமல் அரிபடும். அப்படிக் கம்பிக்குத் தோல் சுற்றிய படகை வாங்குபவர்கள், முதல் வேலையாகத் தையலைப் பிரித்து உள்ளே பார்த்துவிட வேண்டும்.