உங்கள் மெயிலைத் திறக்க நீதிபதி கையெழுத்து வேண்டாம்... அப்போ யாருடையது?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவரின் போனில் என்னவெல்லாம் இருக்கும்? பில் ஆஃப் என்ட்ரி பிடிஎஃப், இறக்குமதியாளரின் கேஒய்சி, கன்டெய்னர் நம்பர்கள். நடுவிலேயே குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது, அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட். எது ஆபீஸ், எது வீடு என்று பிரிக்கவே முடியாது.

அவருக்குத் தெரியாமல் அவர் மெயிலை அரசு படிக்க வேண்டுமென்றால் யாரிடம் அனுமதி வாங்கணும்? 'கோர்ட்ல' என்றுதான் பலரும் சொல்வார்கள். சினிமாவில் போலீஸ் வாரன்ட்டோடுதானே வருகிறது! நிஜத்தில் சட்டம் அப்படி இல்லை.

கையெழுத்து போடுவது யார்?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் பிரிவு 69-படி, மத்திய உள்துறைச் செயலாளரோ மாநில உள்துறைச் செயலாளரோ உத்தரவிட்டால் போதும். ஓர் உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தால் மொத்தம் 180 நாள் வரை. ஒத்துழைக்க மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. விஷயத்தை நிறுவனம் வெளியில் சொல்லக் கூடாது, உங்களிடமும்தான்.

2018 டிசம்பர் 20-ல் மத்திய உள்துறை 10 அமைப்புகளுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. சிபிஐ, அமலாக்கத்துறை, என்ஐஏ எல்லாம் நியூஸில் வரும் பெயர்கள். அதே பட்டியலில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் இருக்கிறது. துறைமுகத்தில் சரக்கு எடுப்பவர்களுக்கு 'டிஆர்ஐ' யார் என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, சரிபார்ப்பது யார்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு. மத்தியில் கேபினட் செயலாளரும் மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் அதற்குத் தலைமை. அதாவது, அதிகாரி போட்ட உத்தரவை அதிகாரிகளே பார்க்கிறார்கள். 2013-ல் வந்த ஆர்டிஐ பதில்படி, மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 போன் ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைப் போட்டது. ஒரு நாளைக்குச் சுமார் 250. எல்லாவற்றையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்து விழுந்ததா? (பிரிட்டனில் 2016 சட்டப்படி, அமைச்சர் கையெழுத்துப் போட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும்.)

காலுக்கு உண்டு, மெயிலுக்கு இல்லை

சென்னைக் கல்வி நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநருடைய போனை, ஒரு லஞ்ச வழக்கு தொடர்பாக 2011 ஆகஸ்டில் ஒட்டுக்கேட்க உத்தரவானது. 2025 ஜூலை 2-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்து செய்தார். 1885 தந்திச் சட்டத்தின்படி 'பொது அவசரநிலை' அல்லது 'பொதுப் பாதுகாப்பு' என்ற காரணம் இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம், குற்றத்தை ரகசியமாகத் துப்பறிய அதைப் பயன்படுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். (சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம் ஓர் ஊழல் வழக்கில் வேறு மாதிரி சொல்லியிருந்தது.) அவருக்கு நியாயம் கிடைக்க 14 வருஷம் ஆனது.

சிக்கல் இங்கேதான். அவரைக் காப்பாற்றிய இரண்டு நிபந்தனைகளும் பிரிவு 69-ல் கிடையாது. 'எந்தக் குற்றத்தின் விசாரணைக்காகவும்' பார்க்கலாம் என்கிறது அது. வெள்ளைக்காரன் காலத்துத் தந்திச் சட்டம் போன் காலுக்குக் கொடுத்த பாதுகாப்பு, இன்றைக்கு மெயிலுக்கு இல்லை!

'பொது ஒழுங்கு'ம் அதில் ஒரு காரணம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்தது. ஆலையை மூடச் சொல்லி பெரியகுப்பம் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அப்படியொரு போராட்டம் உரிமையா, பொது ஒழுங்குப் பிரச்சினையா? அதை முடிவு செய்யப்போவதும் கையெழுத்து போடும் அதே அதிகாரிதான். 2018 உத்தரவை எதிர்த்த மனுக்களில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் நோட்டீஸ் அனுப்பியது.

'வாட்ஸ்அப்தான் என்கிரிப்டட் ஆச்சே?'

உண்மைதான், மெசேஜ் கம்பெனி கையிலேயே இருக்காது. அதனால்தான் போலீஸுக்குப் போனையே கேட்பது சுலபம். பிஎன்எஸ்எஸ் பிரிவு 94-ன் கீழ், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துப்பூர்வ உத்தரவு கொடுத்தே போனைக் கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழக வழக்கின் எஃப்ஐஆர் கசிந்த விவகாரத்தில் பத்திரிகையாளர்களின் போன்கள் பறிமுதல் ஆகி, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

'போனைக் குடு' என்று வாயால் சொன்னால் அது உத்தரவு ஆகாது. எழுத்தில் கேளுங்கள். பறிமுதல் செய்வதைப் பட்டியலோடு வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 105.