இருப்புப்பாதை – 17: கரண்ட் வந்த பிறகு

எங்கள் நிலத்துக் கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ சுவிட்ச் போட்டு வைத்திருந்தேன். த்ரீ பேஸ் எந்நேரம் வந்தாலும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சைத் தூக்கிக்கொண்டு கிணற்று மேட்டுக்கு ஓட வேண்டியதில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் பலரும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்து நிலத்து அண்ணன் அதைப் பார்த்து முகம் சுளித்தார். ரயில்வேயில் சிக்னல் மெயின்டெய்னராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏம்பா, ஸ்டார்ட்டர்ல அந்தக் காயிலை எதுக்கு வெச்சிருக்கான்? கரண்ட் போனா விழுந்துடணும். திரும்ப வந்தா ஆளு வந்து பார்த்துட்டுத்தான் பச்சை பட்டனை அமுக்கணும். நீ அதையே ஏமாத்தி வெச்சிருக்கியே!"

போன வாரம், கருவி பழுதானால் சிக்னல் ஏன் சிவப்புக்குப் போகிறது என்று பார்த்தோம். மின்சாரம் நின்றதும் ரிலேயின் நாக்கு தன் எடையாலேயே கீழே விழும், விழுந்தால் சிவப்பு. அது சுலபமான பாதி. "செத்த சிக்னலைப் பார்த்து நான் பயந்ததே இல்ல. சரியாயிடுச்சுன்னு எழுதிக் கொடுக்கற நேரத்துலதான் வயித்தைக் கலக்கும்" என்பார் அண்ணன். இந்த வாரம் அந்த நேரத்தைப் பற்றி.

பாதையில் வண்டி நிற்கிறதா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. பழையது டிராக் சர்க்யூட். தண்டவாளத்திலேயே சிறிதளவு மின்சாரம் ஓடும். சக்கரம் ஏறினால் அது குறுக்கே பாய்ந்து, ரிலே விழும். கரண்ட் போய்த் திரும்பினாலும் கவலையில்லை. வண்டி அங்கே நின்றால் ரிலே எழும்பாது.

புதியது ஆக்சில் கவுன்ட்டர். இது பாதையைப் பார்ப்பதில்லை, எண்ணுகிறது. ஒரு முனையில் உள்ளே போன அச்சுகள் எத்தனை, மறுமுனையில் வெளியே வந்தவை எத்தனை? இரண்டும் சமமானால் பாதை காலி. ஆட்டுப் பட்டி வாசலில் உட்கார்ந்து எண்ணுகிறவரைப் போல. அவர் நடுவில் கண் அசந்துவிட்டால்? விழித்ததும் 'பட்டி காலி' என்று அவர் சொல்லக் கூடாது. மின்னல் வெட்டிக் கரண்ட் போய்த் திரும்பிய கவுன்ட்டரும் அப்படித்தான். உயிர் வந்ததும் 'உள்ளே வண்டி இருக்கிறது' என்றே சாதிக்கும். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொள்ளும் இந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிறகு அதற்கு எப்படிப் புரியவைப்பது? விழுப்புரம்–காட்பாடி போன்ற ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் போனில் பேச வேண்டும். கடைசியாகப் போன வண்டி முழுசாக வந்து சேர்ந்ததா? பின்கோடிப் பெட்டியில், அதுவே கடைசி என்று காட்டும் 'எல்.வி.' பலகையைக் கண்ணால் பார்த்தாயிற்றா? நடுவழியில் பெட்டி கழன்று நின்றிருந்தால் அந்தப் பலகை வந்திருக்காது. பார்த்தாயிற்று என்றால், அதற்குச் சான்றாகப் பிரைவேட் நம்பர் பரிமாற்றம். அப்புறம் ரீசெட் பெட்டியில் சாவியைத் திருப்பி, பட்டனை அமுக்குவார்கள். பெட்டியில் உள்ள எண் ஒன்று கூடும். அதைக் குறைக்க யாராலும் முடியாது. ரிஜிஸ்டரில் எழுதியே ஆக வேண்டும்.

இவ்வளவு செய்தும் பாதை 'காலி' என்று காட்டாது! 'ஆயத்தம்' என்பதற்கான விளக்குதான் எரியும். சிக்னல் இறங்காது. அடுத்த வண்டியின் டிரைவருக்குக் காகிதத்தில் அனுமதி எழுதி, பாயின்ட்ஸ்மேன் இன்ஜின்வரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வண்டி போய்ச் சேர்ந்து, கணக்கு நேரானால்தான் கருவி நம்பும். வண்டியில் இருப்பவர்கள் "சும்மாவே நிக்குதுய்யா" என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

இப்படிச் சரிசெய்யும் நேரத்தில்தான் தவறும் பிறக்கிறது. 2023 பிப்ரவரி 8. கர்நாடகத்தில் ஹொசதுர்கா ரோடு நிலையம். இதே ஆக்சில் கவுன்ட்டர் பழுது. காகித அனுமதியோடு புறப்பட்டது சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ். தண்டவாளம் பிரியும் இடத்துப் பாயின்ட் வேறு பாதைக்குத் திரும்பியிருந்ததை டிரைவர் கண்டு வண்டியை நிறுத்தினார். மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் இயக்கப் பிரிவுத் தலைவர் கடிதம் எழுதினார்: சிக்னல் முறையில் கடுமையான குறை இருக்கிறது, உடனே சரிசெய்யாவிட்டால் பெரிய விபத்து வரும்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 2 அன்று ஒடிஷாவின் பஹனகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்கான பச்சை விழுந்தது. பாயின்ட் மட்டும் பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 94-ஆம் எண் லெவல் கிராசிங்கில் கேட் தடுப்பை மாற்றும் வேலை அன்று நடந்தது. அப்போது கம்பி இணைப்பில் நேர்ந்த தவறும், சில வருஷம் முன்பே நடந்த மாற்றத்தின் தவறும் சேர்ந்துகொண்டன. பாதையோர லொக்கேஷன் பாக்ஸுக்குள் சிக்னல் கம்பிகளுக்கு எழுதியிருந்த பெயர்களே தப்பு என்றது விசாரணை அறிக்கை.

லண்டன் கிளாப்ஹாம் சந்திப்பில் 1988 டிசம்பர் 12-ல் ரயில்கள் மோதி 35 பேர் இறந்ததும் சிக்னல் கம்பியால்தான். அகற்றாமல் விட்ட ஒரு பழைய கம்பி. அதைக் கையாண்டவர் அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பில் இருந்திருக்கிறார்.

இப்படி நேராமலிருக்கத்தான் சிக்னல் வேலைக்குக் கைவைக்கும்முன் டிஸ்கனெக்ஷன் மெமோ, முடித்துச் சோதித்தபின் ரீகனெக்ஷன் மெமோ. இரண்டிலும் மெயின்டெய்னர், ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்து உண்டு. "முதல் மெமோவுக்கு யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. ரெண்டாவது மெமோவுக்குத்தான் கன்ட்ரோல்ல இருந்து போன் மேல போன் வரும்" என்று சிரித்தார் அண்ணன்.

பேசிக்கொண்டே ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து ஆட்டோ சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது நான்தான் எழுந்து போகிறேன். போன வாரம் இரண்டு ராத்திரி தூங்கிவிட்டேன். மல்லாட்டைக்குத் தண்ணீர் பாயவில்லை. வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

(தொடரும்)