12 மாசத்துக்கு 13 ரீசார்ஜ்! நெட் கட்டணத்தை தட்டிக்கேட்க ஆளே இல்லையா?

நாகர்கோவில்:

"போன மாசம் 5-ந்தேதி தானே போட்டேன், அதுக்குள்ள முடிஞ்சிட்டா?" செல்போன் ரீசார்ஜ் கடைக்காரர்கள் தினமும் பத்து தடவையாவது கேட்கும் கேள்வி இது. கேட்பவர் கொத்தனாராக இருப்பார், மீன் விற்கும் பெண்ணாக இருப்பார், காலேஜ் பையனாக இருப்பார். கடைக்காரர் என்ன செய்வார் பாவம், "28 நாள் தான் அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை பார்ப்பார்.

இந்த 28 நாள் தான் எல்லா குமுறலுக்கும் ஆரம்பம்.

மாசம் என்றால் 30 நாள் அல்லது 31 நாள். சம்பளம் அப்படித்தான் வருகிறது, வீட்டு வாடகை அப்படித்தான் போகிறது. ஆனால் செல்போன் கம்பெனிகளுக்கு மட்டும் மாசம் என்றால் 4 வாரம். 365 நாளை 28-ஆல் வகுத்து பாருங்கள், 13 வரும். அதாவது வருசத்துக்கு 12 முறை ரீசார்ஜ் செய்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, 13-வது முறைக்கான பணமும் சத்தமில்லாமல் போய்விடுகிறது.

உத்தரவு வந்தது, யாருக்கு தெரியும்?

இந்த புகார் டெல்லி வரைக்கும் போனது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் ஒரு உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும், மாசாமாசம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு.

கம்பெனிகளும் வைத்தன. 2024 ஜூலை கட்டண உயர்வுக்கு பிறகு ஜியோவில் தினம் 1.5 ஜிபி கிடைக்கும் 28 நாள் பேக் 299 ரூபாய். அதே 1.5 ஜிபி, ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் 319 ரூபாய். பார்த்தால் 20 ரூபாய் அதிகம் மாதிரி தெரியும். வருசத்துக்கு போட்டு பார்த்தால் 299-ஐ 13 முறை கட்ட 3,887 ரூபாய். 319-ஐ 12 முறை கட்ட 3,828 ரூபாய். 59 ரூபாய் மிச்சம். பெரிய தொகை இல்லை தான். ஆனால் தேதியாவது ஞாபகம் இருக்கும்.

இப்படி ஒரு பேக் இருப்பதே பல பேருக்கு தெரியாது. "299 போடவா?" என்று தான் கடையில் கேட்கிறார்கள், நாமும் தலையாட்டி விடுகிறோம்.

ஒரே வாரத்தில் 3 கம்பெனி

2024 ஜூலை 3-ந்தேதி ஜியோவும் ஏர்டெல்லும் கட்டணத்தை ஏற்றின. மறுநாள் வோடபோன் ஐடியா. ஜியோவில் 239 ரூபாயாக இருந்த பேக் தான் 299 ஆனது. ஒரேயடியாக 60 ரூபாய், நூற்றுக்கு 25 ரூபாய் ஏற்றம். வீட்டில் 3 போன் இருந்தால் வருசத்துக்கு 2,340 ரூபாய் கூடுதல் செலவு. கூலி வேலைக்கு போகிறவருக்கு இது சில நாள் கூலி.

இது முதல் தடவையும் இல்லை. 2019 டிசம்பரில் ஏற்றினார்கள், 2021 கடைசியில் ஏற்றினார்கள், பிறகு 2024. 2025 ஆகஸ்டில் வேறு ஒரு வேலை நடந்தது. விலையை ஏற்றவில்லை, 249 ரூபாய்க்கு தினம் 1 ஜிபி கொடுத்த பேக்கை ஜியோவும் ஏர்டெல்லும் எடுத்துவிட்டன. 249-ஐ தேடி கடைக்கு போனவர் 299 கொடுத்துவிட்டு வந்தார். இதற்கு பெயர் கட்டண உயர்வு இல்லையாம்!

கம்பெனிகளிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. 2014-ல் 1 ஜிபி டேட்டா சராசரியாக 269 ரூபாய் என்பது மத்திய அரசின் கணக்கு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து மாசக்கணக்கில் இலவசமாக அள்ளிக்கொடுத்த பிறகு விலை பாதாளத்துக்கு போனது. இப்போது 299 ரூபாய் பேக்கில் 42 ஜிபி, அதாவது 1 ஜிபி 7 ரூபாய் சொச்சம் தான். உலகத்திலேயே குறைவான கட்டணம் உள்ள நாடுகளில் நாமும் ஒன்று என்று மத்திய அரசும் 2024 ஜூலையில் அறிக்கை விட்டது.

கணக்கு சரி. ஆனால் 7 ரூபாய்க்கு 1 ஜிபி மட்டும் கொடு என்று கேட்டால் கொடுப்பார்களா? அரை லிட்டர் பால் வேண்டும் என்கிறவரிடம் குடத்தோடு தான் வாங்க வேண்டும் என்று சொன்னால் எப்படி? ஜிபி விலை குறைந்தது, ஆனால் கடைக்குள் நுழைவதற்கே ஆகும் காசு ஏறிக்கொண்டே போகிறது. ஏழை பாழைகளுக்கு உறைப்பது இது தான்.

வீட்டில் இருக்கும் பாட்டிக்கு நெட் எதற்கு? போன் வந்தால் எடுத்து பேசினால் போதும். அதற்கும் டேட்டாவோடு சேர்த்தே காசு வாங்கினார்கள். 2024 டிசம்பரில் தான் டிராய் தலையிட்டு, பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டும் தனி பேக் வைக்க சொன்னது. 2025 தொடக்கத்தில் அவை வந்தன. ஜியோவில் 84 நாளுக்கு 448, ஏர்டெல்லில் 469 ரூபாய் என்று விலை வைத்தார்கள்.

டிராய் ஏன் தடுக்கவில்லை?

பலரும் நினைப்பது போல டிராய் கட்டணம் நிர்ணயிக்கும் ஆபீஸ் இல்லை. 1997-ல் சட்டம் போட்டு ஏற்படுத்திய ஆணையம் அது. பஸ் கட்டணத்தை அரசு முடிவு செய்கிற மாதிரி செல்போன் கட்டணத்தை அது முடிவு செய்வதில்லை. விலையை கம்பெனியே வைத்துக்கொள்ளலாம். வைத்த பிறகு 7 வேலை நாளுக்குள் டிராய்க்கு தகவல் சொன்னால் போதும். போட்டி இருந்தால் விலை தானாக குறையும் என்பது இதன் பின்னால் உள்ள நம்பிக்கை.

அந்த நம்பிக்கை ஒரு காலத்தில் பலிக்கவும் செய்தது. ஏர்செல், டோகோமோ, யுனினார், ரிலையன்ஸ், எம்.டி.எஸ். என்று தடுக்கி விழுந்தால் ஒரு கம்பெனி. ஒருத்தன் விநாடிக்கு 1 பைசா என்றால் அடுத்தவனும் இறங்கி வந்தான். அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது விற்கப்பட்டன. 2018 பிப்ரவரியில் ஏர்செல் டவர்கள் படுத்தபோது தமிழ்நாடே ஏர்செல் ஆபீஸ் வாசலில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது மிச்சம் 3 தனியார், 1 பி.எஸ்.என்.எல். அந்த மூன்றில் வோடபோன் ஐடியா கடனில் தத்தளித்து, கட்ட வேண்டிய பாக்கியை பங்காக மாற்றியதில் 2025-ல் மத்திய அரசே 49 சதவீத பங்குக்கு சொந்தக்காரர் ஆனது. அரசுக்கே பங்கு இருக்கும் தொழிலில் விலையை குறை என்று யார் யாரிடம் சொல்வது?

பி.எஸ்.என்.எல். பக்கம் ஓடியவர்கள்

2024 ஜூலையில் தனியார் கட்டணத்தை ஏற்றியதும் ஜனம் பி.எஸ்.என்.எல்.லுக்கு ஓடியது. அந்த ஒரு மாசத்தில் மட்டும் நாடு முழுக்க சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்கள் அதில் கூடினார்கள். விலை குறைவு, சந்தோசம். சிக்னல்? அங்கே தான் உதைத்தது. மற்றவர்கள் 5ஜி விற்றுக்கொண்டிருந்தபோது பல ஊரில் பி.எஸ்.என்.எல். 3ஜி-யிலேயே நின்றது. உள்நாட்டு தொழில்நுட்பத்தில் 4ஜி டவர்கள் தொடக்க விழா 2025 செப்டம்பர் 27-ந்தேதி தான் நடந்தது. 97,500 டவர்கள் என்று அறிவித்தார்கள்.

லேண்ட்லைன் ரிப்பேருக்கு ஆள் வரவில்லை என்ற புகாருக்கும் ஒரு காரணம் உண்டு. 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வு திட்டத்தில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் ஒரே நாளில் வீட்டுக்கு போனார்கள். கம்பத்தில் ஏறத்தெரிந்தவர்களும் அதில் உண்டு.

கிராமத்துக்கு கேபிள்

ஊராட்சி தோறும் பைபர் கேபிள் என்ற மத்திய திட்டம் 2011-ல் ஒப்புதல் பெற்றது. பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு கேபிள் கொண்டுபோக டான்பிநெட் என்ற அரசு நிறுவனம் 2018-ல் தொடங்கப்பட்டது. டெண்டர் விதிமுறை சிக்கலில் 2020-ல் டெண்டரே ரத்தானது. 2022-ல் தான் வேலை ஆரம்பம், அதுவும் நம்ம குமரி மாவட்டத்தில் இருந்து. ஆனால் இந்த கேபிள் வந்து நிற்பது ஊராட்சி ஆபீசில். அங்கிருந்து வீட்டுக்கு இழுக்க கேபிள்காரரோ வேறு கம்பெனியோ வரவேண்டும். 10 வீடு இருக்கும் மலையோரத்துக்கு யார் வருவார்கள்? கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டில் ஏறியது இதனால் தான்.

இதற்கென்று தனி நிதியும் இருக்கிறது. கம்பெனிகளின் வருமானத்தில் 100-க்கு 5 ரூபாய் பிடித்து கிராம சேவைக்கு ஒதுக்குகிறார்கள். அதுவும் கடைசியில் நம்ம ரீசார்ஜ் காசு தான்.

வேகம் எவ்வளவு?

பிராட்பேண்ட் என்றால் என்ன வேகம் என்பதற்கு அரசே விளக்கம் வைத்திருக்கிறது. 2004-ல் 256 கேபிபிஎஸ், 2013-ல் 512, 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ். இந்த எம்பிபிஎஸ் டாக்டர் படிப்பு இல்லை, நெட் வேகம். செல்போனில் அன்றைய 1.5 ஜிபி தீர்ந்ததும் ஜியோவில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆக விழுகிறது. 2004-ல் அரசு சொன்னதில் நாலில் ஒரு பங்கு!

வீட்டு வைபை எடுப்பவர்கள் விளம்பர விலையை நம்ப வேண்டாம். 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. 399 என்று போர்டில் இருந்தால் பில்லில் 470 ரூபாய் 82 காசு வரும்.

புகார் எங்கே?

டிராய்க்கு நேரே எழுதி பயனில்லை, தனி ஆள் புகாரை அது விசாரிப்பதில்லை. முதலில் 198-க்கு போன் போட்டு கம்பெனியில் புகார் பதிந்து எண் வாங்க வேண்டும். சரியாகாவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதிலும் நடக்காவிட்டால் நுகர்வோர் கோர்ட். செல்போன் வழக்கையும் அங்கே போடலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 பிப்ரவரியில் தீர்ப்பு சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு கோர்ட் கட்டணமும் கிடையாது.

மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் படுத்தால் போஸ்ட்பெய்டு பில்லில் கழிவும், 2025 ஏப்ரல் முதல் பிரீபெய்டுக்கு கூடுதல் நாளும் கொடுக்க வேண்டும் என்பது டிராய் விதி. லேண்ட்லைன், வைபை பழுது 3 நாளை தாண்டினாலும் வாடகையில் கழிவு உண்டு. கேட்டால் தான் கிடைக்கும்.

கம்பெனி மாறுவதாக இருந்தால் போர்ட் என்று அடித்து இடம் விட்டு நம்பரை போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மில் இருந்தும் இந்த எஸ்.எம்.எஸ். போக வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே உத்தரவு இருக்கிறது. "முதலில் பேக் போடுங்க, அப்புறம் மாத்தலாம்" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம்.