பதினேழு ஆண்டுகள் நின்றிருந்த படம்

1964ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பிரேசிலின் வடகிழக்கே பெர்னாம்புகோ மாநிலத்தில் கலிலேயா என்னும் சிற்றூரில் நடந்துவந்த படப்பிடிப்பு நின்றுபோனது. ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் அவ்வூருக்குள் நுழைந்து கருவிகளைப் பறிமுதல் செய்தது. உழவர் தலைவர்களும் படக்குழுவினர் சிலரும் கைதாயினர். சாவோ பாவ்லோவில் 1933இல் பிறந்து, பாரிசில் திரைக்கலை பயின்று திரும்பிய இயக்குநர் எடுவார்டோ கொட்டின்யோவின் முதல் பெருமுயற்சி பாதியில் முடங்கியது.

அப்படம் உண்மை நிகழ்வொன்றைக் கூறுவது. பராயிபா மாநிலத்தின் சப்பே ஊரில் உழவர்களை ஒன்றுதிரட்டிய ஜோவோ பெத்ரோ தெய்ஷேரா, நிலவுடைமையாளர்களின் ஏவலால் 1962இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி எலிசபெத் படத்தில் தாமாகவே நடித்தார். ஏனைய பாத்திரங்களைப் பெரும்பாலும் உழவர்களே ஏற்றனர்.

எடுத்த படச்சுருளில் பெரும்பகுதி முன்னரே ரியோ நகருக்கு அனுப்பப்பட்டிருந்ததால் தப்பியது. எலிசபெத்தோ, தம் மக்களுள் ஒருவனை மட்டும் அழைத்துக்கொண்டு தலைமறைவானார். மற்றப் பிள்ளைகள் உறவினர் வீடுகளில் சிதறினர். மார்த்தா என்னும் பெயரில் துணி வெளுத்தும் சிறுவர்க்கு எழுத்தறிவித்தும் அவர் காலங்கழித்தார்.

1975 முதல் கொட்டின்யோ தொலைக்காட்சியில் ஆவணப்படங்கள் எடுத்துவந்தார். எளிய மனிதரிடம் உரையாடும் பயிற்சி அவருக்கு அங்கேதான் வாய்த்தது எனலாம். 1981இல் அவர் கலிலேயாவுக்குத் திரும்பி, பழைய காட்சிகளை ஓர் இரவில் உழவர்களுக்குத் திரையிட்டுக் காட்டினார். தத்தம் இளமை முகங்களை அவர்கள் திரையில் அடையாளங்கண்டனர். இப்படத்தின் உயிர்நிலை இக்காட்சியே.

பின்னர், மூத்த மகனின் உதவியால் எலிசபெத்தைக் கண்டார். பதினேழு ஆண்டு அச்சம் ஒரே நாளில் அகலுமா? முதலில் அவர் அளந்தே பேசினார். அரசுக்கு நன்றியும் கூறினார். படக்குழு விடைபெறும் வேளையில், வண்டியருகே நின்றபடி, மக்கள் படும் துன்பத்தையும் தொடரவேண்டிய போராட்டத்தையும் தடையின்றிப் பேசலானார். அதற்குள் வண்டி புறப்பட்டிருந்தால் அப்பேச்சு பதிவாகியிருக்காது.

தடைப்பட்ட கதைப்படமும் அதைத் தேடிய பயணமும் இணைந்து, 'சாகக் குறிக்கப்பட்டவன்' என்னும் பொருள்தரும் தலைப்பில் 1984இல் ஆவணப்படமாக வெளிவந்தன. இராணுவ ஆட்சி அதற்கு அடுத்த ஆண்டில்தான் முடிவுற்றது. எலிசபெத் தம் சொந்தப் பெயரை மீளப் பெற்றார்.

இதன்பின் கொட்டின்யோவின் படங்களில் உரையாடலே முதன்மை பெற்றது. கோபகபானாவில் 276 வீடுகள் கொண்ட ஒரே கட்டடத்தில் வாழ்வோரைக் கேட்டே ஒரு முழுப்படத்தை 2002இல் உருவாக்கினார். 2014இல் மறைவதற்குச் சிறிது காலம் முன்பும், எலிசபெத்தையும் அவர்தம் மக்களையும் மீண்டும் தேடிச் சென்று படம்பிடித்தார்.